ஆக்ஸிமீட்டரைப் பார்க்கும் கண் யூரின் பையையும் பார்க்கட்டும்

கோவிட் என்றால் நுரையீரல் என்று எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே கட்டிலின் ஓரத்தில் தொங்கும் யூரின் பையில் ராத்திரி முழுக்க எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், பல வார்டுகளில் காலையில்தான் நோட்டைப் புரட்டுவார்கள். சிறுநீரகம் கைவிட்டுப் போவது அந்த ராத்திரியிலேயே நடந்திருக்கலாம். வார்டு டியூட்டி பார்க்கும் டாக்டர்கள், நர்ஸ்கள், டயாலிசிஸ் டெக்னீஷியன்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் உதவும் இடங்கள் உண்டு.

2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து வந்த முதல் பெரிய அறிக்கையில் 1,099 நோயாளிகளில் திடீர் சிறுநீரகப் பாதிப்பு 0.5 சதவீதம் பேருக்கு மட்டுமே என்று இருந்தது. சிறுநீரகத்துக்குப் பெரிய தொந்தரவு இல்லை என்று பலர் நிம்மதியானார்கள். இரண்டே மாதத்தில் நியூயார்க் அந்த நிம்மதியைக் கலைத்தது. 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 5 வரை நார்த்வெல் மருத்துவமனைகளில் சேர்ந்த 5,449 பேரில் 1,993 பேருக்கு, அதாவது 36.6 சதவீதம் பேருக்கு, சிறுநீரகம் பாதித்திருந்தது. அதே நகரின் மவுன்ட் சினாய் மருத்துவமனைகளில் 3,993 பேரில் 46 சதவீதம்.

நார்த்வெல் கணக்கில் என்னை நிற்க வைத்த எண் வேறு. வென்டிலேட்டர் போட்டவர்களில் 89.7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு, போடாதவர்களில் 21.7 சதவீதம். டயாலிசிஸ் தேவைப்பட்ட 285 பேரில் 276 பேர் வென்டிலேட்டரில் இருந்தவர்கள். வென்டிலேட்டர் போட்டுச் சிறுநீரகமும் பாதித்தவர்களில் பாதிக்கு மேல், குழாய் போட்ட நேரத்தை ஒட்டிய 24 மணி நேரத்துக்குள்ளேயே பாதிப்பு தெரிந்துவிட்டது. ஆகவே மூச்சுக்குழாயில் டியூப் போடும் முடிவு எடுக்கும்போதே, அடுத்த ஒரு நாள் சிறுநீரகத்துக்கும் கண்டம் என்று நினைத்துத் தயாராக வேண்டும்.

எப்போது பாதிப்பு என்று சொல்கிறோம்? கேடிஐஜிஓ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதலின் வரையறை எளிதானது. 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் அளக்கும் தசைக் கழிவு) டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. ஏறினாலோ, ஏழு நாளுக்குள் பழைய அளவைவிட ஒன்றரை மடங்கு ஆனாலோ, கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் போனாலோ பாதிப்பு தொடங்கிவிட்டது. இரண்டு மடங்கு ஆனால் இரண்டாம் நிலை. மூன்று மடங்கு, அல்லது 4.0-ஐத் தொட்டால், அல்லது டயாலிசிஸ் தொடங்கினால் மூன்றாம் நிலை.

வரையறை எளிது, சறுக்குவது "பழைய அளவு" என்ற இடத்தில். 45 கிலோ எடையுள்ள ஒல்லியான அம்மா ஒருவருக்கு வழக்கமான கிரியேட்டினின் 0.6 என்று வைத்துக்கொள்வோம். வார்டில் மூன்றாம் நாள் 1.1 வருகிறது. லேப் ரிப்போர்ட்டில் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்காது, சிவப்பு எழுத்து இருக்காது, "நார்மல்" என்று அடித்திருக்கும். ஆனால் அது 1.8 மடங்கு. மறுநாள் 1.2 ஆனால் இரண்டாம் நிலை. ரிப்போர்ட்டோ அப்போதும் அமைதியாகத்தான் இருக்கும். ஆகவே வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி இது: சர்க்கரைக்கோ பிரஷருக்கோ கடந்த ஒரு வருடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை மருத்துவமனைக்கு எடுத்து வந்து கேஸ் ஷீட்டில் வைக்கச் சொல்லுங்கள். போனில் படமாக இருந்தாலும் போதும்.

கிரியேட்டினினுக்கு இன்னொரு குறை, அது தாமதமாகப் பேசும். சிறுநீரகம் இன்று நின்றுபோனாலும் எண் தெளிவாக ஏற ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். ஐசியுவில் படுத்து தசை கரைந்தவருக்கு அது இன்னும் குறைத்துக் காட்டும். எண் மாறிக்கொண்டிருக்கும்போது லேப் கணக்குப் போட்டுத் தரும் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு, அர்த்தமற்றது. அது நிலையான கிரியேட்டினினுக்கு மட்டுமே பொருந்தும் சூத்திரம். அதை வைத்து மருந்தின் அளவை முடிவு செய்தால் முதல் நாள் அதிகமாகப் போகும், தேறி வரும்போது குறைவாகப் போகும்.

இனி யூரின் பைக்கு வருவோம். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு 180 மி.லி. இதுதான் எல்லைக்கோடு. சாதாரண 2 லிட்டர் பையில் 100 மி.லி.க்கு ஒரு கோடுதான் இருக்கும், அதிலும் அடியில் பை மடங்கிக் கிடக்கும். மணிக்கு 30-ஆ 15-ஆ என்று அதில் யாராலும் சொல்ல முடியாது. முன்பக்கம் சின்னப் பெட்டி வைத்த யூரோமீட்டர் பை வேண்டும். ஆக்ஸிஜன் தேவை ஏறிக்கொண்டே போகிறவருக்கும், வென்டிலேட்டரில் உள்ளவருக்கும் அதைப் போட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு அளவு ஜாடியும், கட்டிலருகே ஒரு தாளும் போதும். தேவையில்லாமல் சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) போட்டால் கிருமித் தொற்று கூடச் சேரும்.

குப்புறப் படுக்க வைக்கும்போது பை தனிக் கவனம் கேட்கும். ஆளைத் திருப்புவதற்கு முன் பையைக் காலி செய்து அளவை எழுதுங்கள். குழாய் தொடைக்கு அடியில் சிக்காமல் கால்களுக்கு நடுவே கீழ்நோக்கிப் போகிறதா, பை உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பையைவிடத் தாழ்வாகத் தொங்குகிறதா என்று திருப்பி முடித்ததும் விரலால் தொட்டுப் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது, மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. நேற்று வரை மணிக்கு 50 வந்துகொண்டிருந்தது திடீரென்று பூஜ்யம் ஆனால், அடைப்பு இல்லை என்று நிரூபிக்கும்வரை அடைப்புதான். 30 முதல் 50 மி.லி. ஸ்டெரைல் சலைன் விட்டுக் கழுவிப் பாருங்கள், அல்ட்ராசவுண்டை அடிவயிற்றில் வைத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல், சிறுநீரைக் கூட்டும் லாசிக்ஸ் ஊசி போடுவது பெரிய தவறு.

வைரஸே நேராகச் சிறுநீரகத்தைத் தாக்குகிறதா? வைரஸ் உள்ளே நுழையும் ஏசிஇ2 என்ற கதவு சிறுநீரகக் குழல்களின் செல்களில் நிறையவே இருக்கிறது. ஆனால் 2020-இல் வூஹானில் 26 பேரின் உடற்கூறு ஆய்வு உட்பட, திசுவைப் பார்த்த இடங்களிலெல்லாம் முதன்மையாகத் தெரிந்தது குழல் செல்களின் காயம். ரத்தமும் ஆக்ஸிஜனும் குறைந்த எந்த ஐசியு நோயாளியிடமும் காணக்கூடிய அதே காயம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் என்று சொல்லப்பட்ட உருண்டைகள் பல, செல்லுக்குள் இயல்பாகவே இருக்கும் நுண்பைகளாக இருக்கலாம் என்று பெரிய விவாதமே நடந்தது. என் கணிப்பில், வார்டில் இருப்பவருக்கு இந்த விவாதத்தின் முடிவு அவ்வளவு அவசியமில்லை. வைரஸை நாம் நிறுத்த முடியாவிட்டாலும் நீரிழப்பையும், தாழ்ந்த பிரஷரையும், தப்பான மருந்தையும் நிறுத்த முடியும். உயிர் பிழைப்பது அங்கேதான்.

நீரிழப்பிலிருந்து தொடங்குவோம். ஐந்து நாள் காய்ச்சல், வாய்க்கசப்பில் சாப்பாடு இல்லை, சிலருக்குப் பேதி, நிமிடத்துக்கு 30 மூச்சு. இப்படித்தான் பலர் வந்து சேர்கிறார்கள். நாக்கு வறண்டு, தோல் தளர்ந்து இருக்கும். நார்த்வெல் ஆய்வில் சிறுநீர் சோடியம் பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அது 35-க்குக் கீழே இருந்தது. சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் இறுக்கிப் பிடிக்கிறது, ரத்த ஓட்டம் போதவில்லை என்று பொருள். முதல் அலையில் "நுரையீரல் உலர்ந்தே இருக்கட்டும்" என்று எல்லாருக்கும் திரவத்தை மறுத்து, மேலே லாசிக்ஸும் போட்ட வழக்கம் பல ஊர்களில் இருந்தது. நுரையீரலில் நீர் கோத்தவருக்கு அது சரி. வறண்டு வந்தவருக்கு அது சிறுநீரகத்தை வாட்டுகிற வேலை.

சரியான வழி நடுவில் இருக்கிறது, அது கொஞ்சம் பொறுமை கேட்கும். வறட்சி தெரிந்தால் ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) என்ற உப்புக் கரைசல் 250 மி.லி.யை 15 நிமிடத்தில் விடுங்கள். பிரஷர், நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் தேவை, முதுகின் அடிப்பகுதியில் கேட்கும் சத்தம் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். பலன் தெரிந்தால் இன்னொரு 250. பலன் இல்லையென்றாலோ ஆக்ஸிஜன் தேவை ஏறினாலோ நிறுத்துங்கள். ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பொட்டாசியம் ஏறியிருக்கிறது, ஆர்.எல்.லில் பொட்டாசியம் இருக்கிறதே என்று பயந்து நார்மல் சலைனுக்கு (என்.எஸ்.) மாறுவது எங்கும் நடக்கிறது. ஆர்.எல்.லில் இருப்பது லிட்டருக்கு 4 மில்லிமோல்தான், நம் ரத்தத்தில் இருக்கும் அளவே. என்.எஸ்.ஸில் குளோரைடு 154. அதை லிட்டர் கணக்கில் விட்டால் ரத்தம் அமிலமாகி, பொட்டாசியம் செல்லுக்குள்ளிருந்து வெளியேறி இன்னும் ஏறும்.

வென்டிலேட்டர் ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்றால், மூன்று அடி ஒன்றாக விழுகிறது. மயக்க மருந்து கொடுத்ததும் பிரஷர் விழும். மார்புக்குள் அழுத்தம் ஏறுவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் நிறுத்தி வைக்கும் அழுத்தமான பீப் அளவு கூடக் கூடச் சிறுநீரகத்தின் சிரைகளில் ரத்தம் தேங்கும். உள்ளே வரும் அழுத்தம் குறைந்து, வெளியே போகும் வழியில் நெரிசல் கூடினால் வடிகட்டல் நின்றுதான் போகும். டியூப் போடுவதற்கு முன்பே பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் பம்பைத் தயாராக வைத்து, சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது அந்த முதல் மணி நேரத்தில் சிறுநீரகத்துக்குச் செய்யும் உதவி.

சேர்ந்த அன்றே, திரவம் ஏற்றுவதற்கு முன், ஒரு சாதாரண யூரின் டிப்ஸ்டிக் (சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை) பார்த்துவிடுங்கள். வூஹானில் 701 பேரில் 43.9 சதவீதம் பேருக்குப் புரதமும் 26.7 சதவீதம் பேருக்கு ரத்தமும் அதில் தெரிந்தன. டிப்ஸ்டிக்கில் ரத்தம் மூன்று பிளஸ், ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணுவே இல்லை, சிறுநீர் கட்டன்சாயா நிறம் என்றால் தசை உடைந்து கரைகிறது. தசை உடைவதைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை பாருங்கள், 5,000-ஐத் தாண்டியிருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மூச்சுத் திணறல் அதிகமில்லாமல் புரதம் மட்டும் கிராம் கணக்கில் போகிறவர்களுக்கு, வடிகட்டிகள் சுருங்கிச் சரியும் ஒரு தனி நோய் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் காணப்படும் ஏபிஓஎல்1 மரபணு வகையோடு ஒட்டியது அது. அமெரிக்காவில் நிறையப் பார்த்தார்கள், நம்மிடையே மிக அரிது.

மருந்துகளைப் பற்றி

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாராசிட்டமால் போதும். பிரச்சினை என்னவென்றால், மருந்துக் கடையில் "காய்ச்சல், வலி இரண்டுக்கும்" என்று தரும் மாத்திரையில் பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் சேர்ந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம், இவை எல்லாமே சிறுநீரகத்துக்குள் வரும் ரத்தக்குழாயைச் சுருக்கும். நல்ல உடம்பில் ஒரு மாத்திரை ஒன்றும் செய்யாது. நீர் வற்றிய உடம்பில், அதுவும் பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு, இரண்டு நாளில் சிறுநீரகத்தை நிறுத்திவிடும். வீட்டில் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்கும்போது வாய்வழியாகக் கேட்டால் "காய்ச்சல் மாத்திரை" என்றுதான் பதில் வரும். அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

டெல்மிசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகளை கோவிட் வந்த உடனே நிறுத்த வேண்டும் என்று 2020-இல் பயம் பரவியது. நிறுத்துவதால் நன்மை இல்லை என்று பிரேசிலில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் பிரஷர் தாழ்ந்தாலோ, கிரியேட்டினின் ஏறினாலோ, பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினாலோ நிறுத்தித்தான் ஆக வேண்டும். மெட்ஃபார்மினையும், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் வகையையும் படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே நிறுத்தி இன்சுலினுக்கு மாறுங்கள்.

வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரெம்டெசிவிர் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஊசியில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் உடம்பில் தேங்குமோ என்ற அச்சத்தால் முதலில் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே வேண்டாம் என்றார்கள். 2023 ஜூலையில் அமெரிக்க எஃப்டிஏ அந்தத் தடையை எடுத்துவிட்டது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் வழக்கமான அளவே கொடுக்கலாம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையான பாக்ஸ்லோவிட் விஷயத்தில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். சிறுநீரக மாற்று செய்தவர், புதிய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் சாப்பிட்டுக்கொண்டே அதையும் சாப்பிட்டால், டாக்ரோலிமஸ் அளவு பல மடங்கு ஏறி, மாற்றிய சிறுநீரகத்தையே அடிக்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் எனோக்ஸபாரின் வடிகட்டப்படாமல் தேங்கினால் ரத்தக்கசிவு. கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே என்றால் சிகிச்சை அளவு கிலோவுக்கு 1 மி.கி. ஒரு நாளைக்கு ஒரு முறைதான், அல்லது சாதாரண ஹெப்பாரினுக்கு மாறுவது நல்லது. வான்கோமைசின், அமிகாசின், கொலிஸ்டின் என்ற மூன்று ஆன்டிபயாடிக்குகளும் காரணமில்லாமல் தொடக்கூடாதவை. நுரையீரல் சி.டி. ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம், எச்ஆர்சிடிக்குச் சாய ஊசி கிடையாது. நுரையீரல் ரத்தக்குழாயில் உறைவு தேடும் ஸ்கேனுக்குத்தான் சாயம் தேவை, அதையும் உயிர்க் கேள்வி என்றால் தள்ளிப்போடக் கூடாது.

2021 இரண்டாம் அலையில் நம் நாட்டில் கூடுதலாக ஒன்று சேர்ந்தது, கருப்புப் பூஞ்சை. அந்த மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அதற்கான ஆம்ஃபோடெரிசின் பி சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். கொழுப்புக் குமிழியில் அடைத்த லிப்போசோமல் வகை கிலோவுக்கு 5 மி.கி., பாதிப்பு குறைவு. அது கிடைக்காமல் பழைய வகையைக் கொடுத்தவர்களுக்குத்தான் அதிகம் கெட்டது. மருந்துக்கு முன் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் என்.எஸ். விட வேண்டும், இங்கே உப்புதான் காவல். ஆனால் அதே லைனில் ஆம்ஃபோடெரிசினை விட்டால் உப்பில் பட்டுத் திரிந்துவிடும். நடுவில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸால் லைனைக் கழுவுங்கள். பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்தே இறங்கும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் எத்தனை ஆம்பூல் பொட்டாசியம் போட்டாலும் எண் நகராது.

பொட்டாசியம் ஏறினால்

6.5-ஐத் தாண்டினாலோ ஈசிஜியில் டி அலை கூடாரம்போல் நின்றாலோ காத்திருக்க நேரமில்லை. 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி.யை மூன்று முதல் ஐந்து நிமிடத்தில், மானிட்டரைப் பார்த்துக்கொண்டே கொடுங்கள். இது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காக்கும், அதுவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான். அதற்குள் சாதாரண இன்சுலின் 10 யூனிட்டும் 25 கிராம் குளுக்கோஸும். நம் வார்டில் இருக்கும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மி.லி. ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் போய்க்கொண்டிருப்பவருக்கு சர்க்கரை ஏற்கெனவே 250-க்கு மேல் இருக்கலாம், அப்போது குளுக்கோஸ் வேண்டாம். கூடவே சால்பியூட்டமால் நெபுலைசர் 10 மி.கி., அதாவது 2.5 மி.கி. ரெஸ்ப்யூல் நான்கு. வழக்கமான ஒன்று போதாது. சிறுநீரகம் நின்றவருக்கு இன்சுலின் நீண்ட நேரம் வேலை செய்யும். அடுத்த ஆறு மணி நேரம் மணிக்கொரு தடவை சர்க்கரை பாருங்கள், தாழ்சர்க்கரையில் போனவர்கள் உண்டு.

டயாலிசிஸ்

கிரியேட்டினின் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் டயாலிசிஸ் என்று கிடையாது. மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், பிஹெச் 7.2-க்குக் கீழே போன அமிலநிலை, லாசிக்ஸுக்கு இளகாத நீர்த்தேக்கம், யூரியாவால் வரும் மயக்கம் அல்லது இதய உறை அழற்சி, இவைதான் காரணங்கள். இவை எதுவும் இல்லாதபோது முந்திக்கொண்டு தொடங்குவதால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று 2020-இல் வந்த ஸ்டார்ட் ஏகேஐ ஆய்வு காட்டியது. ஸ்டீராய்டு கொடுக்கும்போது யூரியா தன்னால் ஏறும், அந்த எண்ணை மட்டும் பார்த்து இயந்திரத்தில் மாட்டிவிடாதீர்கள்.

போகிற பாதை தெரிய ஒரு சோதனை உதவும். உடம்பில் நீர் வறட்சி இல்லை என்று உறுதியான பிறகு லாசிக்ஸ் கிலோவுக்கு 1 மி.கி., ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 1.5 மி.கி. இரண்டு மணி நேரத்தில் 200 மி.லி. தாண்டவில்லை என்றால் மூன்றாம் நிலைக்குப் போக வாய்ப்பு அதிகம். டயாலிசிஸ் குழுவுக்கு அப்போதே போன் செய்யுங்கள்.

டயாலிசிஸ் கதீட்டருக்கு வலது கழுத்துதான் முதல் இடம். தொடையில் போட்டால் குப்புறப் படுக்கும்போது மடங்கும். கோவிட் ரத்தம் சீக்கிரம் உறையும். இயந்திரத்தில் ரத்தம் சுற்றிவரும் குழாய்ப் பாதையான சர்க்யூட் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் 150 முதல் 200 மி.லி. ரத்தம் அப்படியே குப்பைக்குப் போகும், ஒரே நாளில் இரண்டு முறை நடந்தால் ஹீமோகுளோபின் இறங்கிவிடும். ஹெப்பாரின் இல்லாமல் ஓட்டிப் பார்ப்போம் என்ற வழக்கம் இங்கே எடுபடாது. ஹெப்பாரினோ சிட்ரேட்டோ வேண்டும், கதீட்டர் முனை சரியான இடத்தில் இருக்க வேண்டும். பிரஷர் நிற்காதவருக்கு நாள் முழுக்க மெதுவாக ஓடும் சிஆர்ஆர்டி டயாலிசிஸ் இயந்திரம் இல்லையென்று கைவிட வேண்டாம். சாதாரண இயந்திரத்திலேயே நிமிடத்துக்கு ரத்த ஓட்டம் 150 முதல் 200 மி.லி., டயாலிசேட் (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவம்) 300 மி.லி.க்குள் வைத்து எட்டு மணி நேரம் மெதுவாக ஓட்டும் ஸ்லெட் முறை அதே பலனைத் தரும். 2020 ஏப்ரலில் இயந்திரங்கள் போதாமல் போன நியூயார்க் பெல்வியூ மருத்துவமனை, ஐசியு நோயாளிகளுக்கு வயிற்றுவழி டயாலிசிஸையே புதிதாகத் தொடங்கி ஓட்டியது.

வீட்டுக்குப் போன பிறகு

மவுன்ட் சினாய் கணக்கில் சிறுநீரகம் பாதித்துப் பிழைத்துப் போனவர்களில் 35 சதவீதம் பேருக்கு டிஸ்சார்ஜ் அன்று சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை. அப்படிப் போனவர்களில் பின்னர் பரிசோதனைக்கு வந்த 77 பேரைப் பார்த்தபோது 28 பேருக்குச் சரியாகியிருந்தது. ஆக மீண்டு வருவது வீட்டுக்குப் போன பிறகும் நடக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "கோவிட் நிமோனியா" என்று மட்டும் எழுதாமல், சிறுநீரகம் பாதித்தது, உச்ச கிரியேட்டினின் எவ்வளவு, கடைசியாக எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும், மூன்று மாதத்தில் கிரியேட்டினினோடு யூரின் அல்புமினும் பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் தொடரும்படி அனுப்பப்பட்டவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வெளியே உள்ள யூனிட்டில் அவர் "வாரம் மூன்று நாள்" பட்டியலில் சேர்ந்துவிடுவார், சிறுநீரகம் திரும்பிவிட்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை, இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன் எடுத்த கிரியேட்டினினை வரிசையாக எழுதுங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே வீட்டில் 24 மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்து அளந்து வரச் சொல்லுங்கள். அளவு ஏறிக்கொண்டே வந்து, டயாலிசிஸுக்கு முந்தைய எண் தானாக இறங்கினால், அடுத்த முறையைத் தள்ளிப்போட்டு இரண்டு நாள் கழித்து ரத்தம் பாருங்கள். இயந்திரத்தில் அதிகமாக நீர் எடுத்து பிரஷரை விழவைத்தால் தேறிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் மறுபடி அடிபடும், அதனால் எடுக்கும் அளவைக் குறைத்தே வையுங்கள். எண் தொடர்ந்து நின்றால் கழுத்துக் கதீட்டரை அன்றே எடுத்துவிடலாம்.